மழைநீர் வழிந்தோடுவதைக் குறைக்கும் பசுமைப் பணிகளுக்குப் பணம் எங்கிருந்து வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழைத்தோட்டம் (மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் பள்ளமான செடிப்பாத்தி), நீர் உறிஞ்சும் நடைபாதை, பசுமைக் கூரை (மேலே செடி வளரும் கூரை) போன்றவற்றை அமைக்க விரும்பும் உள்ளாட்சி அலுவலர்கள், குடியிருப்போர் சங்கங்கள், பள்ளி நிர்வாகங்கள் ஆகியோருக்காக இந்தப் பக்கம். கட்டுமானச் செலவுக்கு யார் பணம் தருவார்கள் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். பத்தாம் ஆண்டில் அந்தத் தோட்டத்தில் படிந்த சேற்றை அள்ள யார் பணம் தருவார்கள் என்ற கேள்வி எங்களுக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. அதனால் கீழே உள்ள பல பதில்கள் அங்கேதான் போய் நிற்கும்.

பசுமைக் கட்டமைப்பு என்றால் என்ன? வடிகால் குழாய் இருக்கும்போது இது எதற்கு?

மழை விழுந்த இடத்திலேயே அதை மண்ணுக்குள் இறக்கவோ, செடிகள் உறிஞ்சவோ, கொஞ்ச நேரம் தேக்கி மெல்ல விடவோ செய்யும் அமைப்புகள் எல்லாம் இதில் அடங்கும். சாலையோரப் பள்ளப் பாத்திகள், மரக்குழி வரிசைகள், நீர் ஊடுருவும் தளங்கள், செயற்கைச் சதுப்பு நிலங்கள் ஆகியவையும் இதில் சேரும்.

இயற்கையான நிலத்தில் பெய்யும் மழையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மேலே வழிந்தோடும். முக்கால் பங்குக்கு மேல் கான்கிரீட்டும் தாரும் மூடிய இடத்தில் பாதிக்கு மேல் ஓடிவிடும். ஓடும் நீர் எண்ணெய், டயர் துகள், துத்தநாகம், குப்பை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஆற்றில் போய் விழுகிறது. மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் போகும் பழைய நகரங்களில் நிலைமை இன்னும் மோசம். குழாய் நிரம்பினால் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமலே ஆற்றில் கலக்கும்.

பெரிய குழாய் பதித்தால் வெள்ளம் வேகமாகப் போகும். ஆனால் அடுத்த பகுதிக்குத்தான் போகும். மேட்டில் இருப்பவர் கான்கிரீட் போட, பள்ளத்தில் இருப்பவர் வீட்டுக்குள் தண்ணீர் வருவது நியாயமில்லை. நிதியைப் பற்றிய பேச்சும் இந்த நியாயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

குழாய் பதிக்க எளிதில் ஒதுக்கப்படும் பணம், மழைத்தோட்டத்துக்கு ஏன் கிடைப்பதில்லை?

குழாய்க்கு ஒரு உரிமையாளர், ஒரு துறை, ஒரு கணக்குத் தலைப்பு இருக்கிறது. மழைத்தோட்டமோ பாதி சாலைத் துறையின் நிலத்திலும் பாதி பூங்காத் துறையின் பொறுப்பிலும் இருக்கும். சில நேரம் தனியார் வளாகத்துக்குள்ளேயே இருக்கும். பலன் வடிகால் துறைக்கு, பராமரிப்பு பூங்காத் துறைக்கு என்று ஆகும்போது யாரும் தங்கள் பட்ஜெட்டில் அதைச் சேர்க்க முன்வருவதில்லை. நூறு சிறிய பணிகளுக்கு நூறு டெண்டர் விடுவதைவிட ஒரு பெரிய குழாய்க்கு ஒரே டெண்டர் விடுவது அலுவலகத்துக்கும் எளிது.

நிலையான வருமானத்துக்கு எது நல்ல வழி?

மழைநீர்க் கட்டணம். நீர் ஊடுருவாத பரப்பு எவ்வளவோ அதற்கேற்ற கட்டணம். இதைவிட நேர்மையான வழி எங்களுக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பெல்வியூ நகரம் 1974-லேயே மழைநீருக்கெனத் தனி அமைப்பை ஏற்படுத்தியது. ஜெர்மனியில் கழிவுநீர்க் கட்டணத்தை இரண்டாகப் பிரித்து, வீட்டுக் கழிவுநீருக்குத் தனியாகவும் கூரையிலிருந்தும் முற்றத்திலிருந்தும் குழாய்க்குள் வரும் மழைநீருக்குத் தனியாகவும் வசூலிக்கிறார்கள். பெர்லினில் இது 2000-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே மழைநீருக்கான தொகை சதுர மீட்டர் கணக்கு. கூரையில் செடி வளர்த்தால் அந்தப் பரப்புக்குக் கட்டணம் பாதியாகும். தண்ணீரைக் குழாய்க்கு அனுப்பாமல் சொந்த நிலத்திலேயே இறக்கிவிட்டால் கட்டணமே இல்லை.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரம் செய்த மாற்றத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2010-க்கு முன்பு அங்கே வணிக வளாகங்களின் மழைநீர்க் கட்டணம் குடிநீர் மீட்டரின் அளவை வைத்து வசூலிக்கப்பட்டது. ஏக்கர் கணக்கில் தார் போட்ட பார்க்கிங் இடத்தில் குடிநீர் இணைப்பே இருக்காது. ஆகவே அதற்குக் கட்டணமும் இல்லை. சிறிய நிலத்தில் நிற்கும் உயர்ந்த கட்டிடத்துக்குப் பெரிய மீட்டர், பெரிய கட்டணம். 2010 முதல் சில ஆண்டுகளில் படிப்படியாக, மனையின் பரப்பையும் அதில் மூடப்பட்ட பரப்பையும் அடிப்படையாக வைத்தார்கள். பார்க்கிங் உரிமையாளர்கள் முதன்முறையாகத் தாங்கள் அனுப்பும் தண்ணீருக்கான விலையைப் பார்த்தார்கள். மழைநீரைத் தங்கள் இடத்திலேயே நிறுத்துபவர்களுக்குக் கட்டணச் சலுகையும், அதை அமைக்க மானியமும் கிடைத்தன. 2011-ல் அந்த நகரம் தொடங்கிய 25 ஆண்டுப் பசுமைத் திட்டம் இந்த வருமானத்தின் மேல்தான் நிற்கிறது.

கட்டணம் இரண்டு வேலை செய்கிறது. பணம் வருகிறது. கூடவே, கட்டணத்தைக் குறைக்க விரும்புபவர் தானாகவே தன் தளத்தை உடைத்து மண்ணைத் திறக்கிறார்.

இதை மக்கள் எதிர்க்க மாட்டார்களா?

எதிர்ப்பார்கள். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 2012-ல் தன் பெரிய மாவட்டங்களும் பால்டிமோர் நகரமும் இந்தக் கட்டணத்தை வசூலித்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. எதிர்த்தவர்கள் அதை "மழை வரி" என்று அழைத்தார்கள், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஃபிரெடரிக் மாவட்டம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதாகக் காட்ட, ஒரு சொத்துக்கு ஆண்டுக்கு 1 சென்ட் என்று நிர்ணயித்தது. 2015-ல் கட்டாயம் நீக்கப்பட்டது.

மேலிருந்து கட்டளையாக வந்த கட்டணம், எந்தத் தெருவில் என்ன வேலை நடக்கும் என்று மக்களுக்குத் தெரிவதற்கு முன்பே வந்து சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். கட்டணம் வருவதற்கு ஓராண்டு முன்பே ஒவ்வொரு வீட்டுக்கும் மாதிரி ரசீது அனுப்புங்கள். அதில் அந்த மனையின் மூடிய பரப்பு எவ்வளவு என்று காட்டுங்கள். வசூலாகும் பணம் பொது நிதியில் கலக்காமல் தனிக் கணக்கில் இருக்கட்டும், அந்தக் கணக்கு ஆண்டுதோறும் வெளியாகட்டும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குத் தள்ளுபடியை முதல் நாளிலேயே அறிவியுங்கள், போராட்டம் நடந்த பிறகு அல்ல.

வழிபாட்டிடங்கள், பள்ளிகள், அரசுக் கட்டிடங்களுக்கு விலக்கு தரலாமா?

முழு விலக்கு வேண்டாம். அவர்களின் கூரையிலிருந்து விழும் மழையும் அதே குழாய்க்குத்தான் போகிறது. பெரிய வளாகங்கள் பெரும்பாலும் இவர்களிடம்தான் இருக்கின்றன. விலக்குக்குப் பதிலாகத் தாராளமான சலுகையும், மழைத்தோட்டம் அமைக்க மானியமும் கொடுத்தால் நகரத்துக்கு இடம் கிடைக்கும், அவர்களுக்குச் செலவு குறையும்.

மானியம் கிடைத்தால் போதாதா?

முதல் பணிக்குப் போதும், திட்டத்துக்குப் போதாது. மானியம் ஒருமுறை வரும் பணம். அநேகமாக எல்லா மானியங்களும் கட்டுமானத்துக்கு மட்டுமே. பராமரிப்புக்கு என்று கேட்டால் விதியில் இடமில்லை என்ற பதில் வரும். செலவழிக்கக் காலக்கெடுவும் உண்டு. அந்த அவசரத்தில் மண் பரிசோதனையைத் தவிர்த்துவிட்டு, நீர் இறங்காத களிமண்ணில் தோட்டம் போட்டுவிடுவார்கள்.

மானியத்துக்குப் பொருத்தமான இடங்கள் உண்டு. ஒரு முன்னோடிப் பணி, ஒரு வரைபட ஆய்வு, மக்கள் பார்த்து நம்ப ஒரு பள்ளி வளாகம். இவற்றுக்குக் கேளுங்கள். சம்பளத்தையும் சேறு அள்ளுவதையும் அதன் தலையில் கட்டாதீர்கள்.

கடன் வாங்கலாமா?

திருப்பிக் கட்ட வருமானம் இருந்தால் தாராளமாக வாங்கலாம். அமெரிக்காவில் 1987-ல் தூய நீர்ச் சட்டத் திருத்தத்தின் மூலம் ஒரு சுழல் நிதி உருவானது. மத்திய அரசு தரும் தொகையோடு மாநிலம் அதில் 20 சதவீதம் சேர்க்கும். உள்ளாட்சிகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் போகும். திரும்பி வரும் தவணை அடுத்த ஊருக்குக் கடனாகும். 2009-ல் பொருளாதார மீட்சிக்காகக் கூடுதல் பணம் வந்தபோது, அதில் குறைந்தது 20 சதவீதத்தைப் பசுமைக் கட்டமைப்பு, நீர்ச் சிக்கனம், ஆற்றல் சிக்கனம் போன்ற பணிகளுக்கு வைக்கச் சொன்னார்கள். அந்த ஒரு நிபந்தனையால் பல மாநிலங்கள் முதன்முறையாக இத்தகைய பணிகளைத் தேடிப் போயின. நிதி தரும் இடத்தில் நீங்கள் இருந்தால் இதைக் கவனியுங்கள். தனியாக ஒரு பங்கு ஒதுக்காவிட்டால் பணம் பழக்கப்பட்ட குழாய்க்கே போகும்.

ஒரு சிக்கல் உண்டு. நீண்ட காலக் கடனை, நீண்ட காலம் நிற்கும் சொத்துக்குத்தான் கணக்கில் காட்ட முடியும். தனியாரின் மனையில் அமையும் மழைத்தோட்டம் யாருடைய சொத்து? இந்தத் தயக்கத்தாலேயே பல நீர் நிறுவனங்கள் ஆண்டு வருமானத்திலிருந்து சொற்பமாகச் செலவழித்துவந்தன. 2018-ல் அமெரிக்காவின் அரசுக் கணக்கியல் தரவாரியம், நிறுவனத்துக்குச் சொந்தமில்லாத இத்தகைய முதலீடுகளையும் சில நிபந்தனைகளுடன் கணக்கில் ஏற்றலாம் என்று தெளிவுபடுத்தியது. உங்கள் நாட்டின் கணக்கு விதி என்ன சொல்கிறது என்பதைப் பொறியாளரிடம் கேட்பதற்கு முன்பே தணிக்கையாளரிடம் கேளுங்கள்.

பலனைப் பொறுத்துப் பணம் தரும் பத்திரங்கள் இருக்கின்றனவாமே?

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் நீர் நிறுவனம் 2016-ல் 2.5 கோடி டாலருக்கு அப்படியொரு பத்திரம் வெளியிட்டது. முதலீட்டாளர்கள் கோல்ட்மேன் சாக்ஸும் கால்வெர்ட் அறக்கட்டளையும். பசுமைப் பணிகளால் வழிந்தோடும் நீர் 41.3 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், நிறுவனம் அவர்களுக்குக் கூடுதலாக 33 லட்சம் டாலர் தர வேண்டும். 18.6 சதவீதம்கூடக் குறையாவிட்டால், அதே தொகையை அவர்கள் நிறுவனத்துக்குத் தர வேண்டும். இடையில் இருந்தால் யாரும் யாருக்கும் கூடுதலாகத் தர வேண்டியதில்லை. 2021-ல் அளவீட்டு முடிவு வந்தபோது ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. அதாவது இடைப்பட்ட நிலை.

இதில் நாங்கள் மதிப்பது பண ஏற்பாட்டைவிட அளவீட்டைத்தான். பணி தொடங்கும் முன்பே நீரோட்டத்தை அளந்து, பிறகும் அளந்து, முடிவைப் பொதுவில் வைத்தார்கள். ஆனால் எல்லா ஊருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டோம். வழக்கறிஞர், மதிப்பீட்டாளர், ஆலோசகர் செலவு சிறிய திட்டத்தை விழுங்கிவிடும். புதிய முறையை முதல்முறை செய்து பார்க்கும் பெரிய நிறுவனத்துக்கு, தோல்வியின் சுமையைப் பகிர்ந்துகொள்ள இது பொருந்தும். மற்றவர்களுக்குச் சாதாரணக் கடனும் நல்ல அளவுமானியும் போதும்.

கட்டிட நிறுவனங்களிடமிருந்து பணம் வாங்க முடியுமா?

முடியும், விதி கடுமையாக இருந்தால். அதே வாஷிங்டனில் 2013-ல் வந்த விதிப்படி, பெரிய கட்டுமானங்கள் சுமார் 30 மில்லிமீட்டர் மழையைத் தேக்க வேண்டும். அதில் பாதியையாவது அதே மனையில் தேக்கியாக வேண்டும். மீதியைத் தேக்க இடமில்லாதவர், வேறிடத்தில் மழைநீரைத் தேக்குபவரிடமிருந்து வரவுப் புள்ளி வாங்கிக்கொள்ளலாம். புள்ளியை வாங்க ஆள் வருமா என்ற, தேக்குபவரின் பயத்தைப் போக்க, குறிப்பிட்ட விலைக்கு நகரமே வாங்கிக்கொள்ளும் உத்தரவாதமும் பின்னால் வந்தது. டொரன்டோ 2009-ல் கொண்டுவந்த விதி பெரிய புதுக் கட்டிடங்களுக்குப் பசுமைக் கூரையைக் கட்டாயமாக்கியது. முழுதும் அமைக்க முடியாதவர் கட்டிய ஈட்டுத்தொகை, மற்றவர்களின் கூரைகளுக்கு மானியமாகப் போனது.

ஈட்டுத்தொகையை மலிவாக வைத்துவிடாதீர்கள். அமைப்பதைவிட அபராதம் மலிவு என்றால் எல்லோரும் அபராதத்தையே கட்டுவார்கள்.

வேறு துறைகளின் பணத்தைப் பயன்படுத்தலாமா?

இதைத்தான் முதலில் செய்யச் சொல்வோம். சாலையை எப்படியும் தோண்டப் போகிறார்கள் என்றால், அதே நேரத்தில் ஓரத்தில் மழைப்பாத்தி அமைக்க ஆகும் கூடுதல் செலவு, தனியாகத் தோண்டுவதைவிட மிகக் குறைவு. அடுத்த ஐந்தாண்டுச் சாலைப் பணிப் பட்டியலை வாங்கி, தண்ணீர் தேங்கும் இடங்களின் வரைபடத்தோடு வைத்துப் பாருங்கள்.

கோபன்ஹேகனில் 2011 ஜூலை 2 அன்று மூன்று மணி நேரத்துக்குள் சில இடங்களில் 150 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. சேதம் சுமார் 600 கோடி டேனிஷ் குரோனர். மறு ஆண்டே, 20 ஆண்டுகளில் சுமார் 300 பணிகள் செய்யும் மேகவெடிப்புத் திட்டம் வந்தது. மேற்பரப்பில் நீரைக் கையாளும் பகுதிக்கு நீர்க் கட்டணத்திலிருந்தும், பூங்காவை அழகுபடுத்தும் பகுதிக்கு நகராட்சியிலிருந்தும் பணம் போகுமாறு செலவைப் பிரித்துக்கொண்டார்கள். ராட்டர்டாமில் 2013-ல் திறக்கப்பட்ட பெந்தம்பிளைன் சதுக்கம் வெயில் நாளில் விளையாட்டுத் திடல், கனமழையில் சுமார் 17 லட்சம் லிட்டர் தேக்கும் தொட்டி. இப்படி இரண்டு பயன் இருந்தால் இரண்டு கணக்கிலிருந்து கேட்கலாம்.

மத்திய அரசே பெருந்தொகை கொடுத்தால் பிரச்சினை தீராதா?

வேகமாகத் தொடங்கலாம். சீனா 2015-ல், நகரமே பஞ்சு போல மழைநீரை உறிஞ்ச வேண்டும் என்ற கடற்பஞ்சு நகரத் திட்டத்துக்கு 16 நகரங்களையும் அடுத்த ஆண்டு 14 நகரங்களையும் தேர்ந்தெடுத்தது. நகரத்தின் நிர்வாகத் தகுதியைப் பொறுத்து ஆண்டுக்கு 40 முதல் 60 கோடி யுவான் வரை மூன்று ஆண்டுகள் மத்திய மானியம். மீதியை நகரங்களும் தனியாரும் போட வேண்டும். கட்டணம் வராத மழைத்தோட்டத்தில் தனியார் எதற்காக முதலீடு செய்வார்கள் என்பதுதான் அங்கே கடினமான கேள்வியானது. மூன்று ஆண்டு மானியத்துக்குப் பிறகு வரும் முப்பது ஆண்டுகளுக்கு வருமான வழி வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தகைய பணிகள் நடந்திருந்த சீன நகரமான செங்சோவில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் பெய்தது. அந்த மழையை எந்த மழைத்தோட்டமும் தாங்காது. பசுமைப் பணிகள் அடிக்கடி வரும் சிறிய, நடுத்தர மழைகளுக்கானவை. பெருவெள்ளத்தையும் தடுக்கும் என்று வாக்குக் கொடுத்துப் பணம் வாங்கினால், முதல் பெருமழையிலேயே மக்களின் நம்பிக்கை போய்விடும்.

பராமரிப்புக்கு என்னதான் வழி?

கட்டும் முன்பே ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். யார் செய்வது, எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை முறை. இது இல்லாமல் அடிக்கல் நாட்டக் கூடாது.

நீர் ஊடுருவும் தளத்தின் துளைகளில் மண்ணும் இலைத்தூளும் அடைத்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஓரிருமுறை உறிஞ்சும் இயந்திரத்தால் சுத்தம் செய்யாவிட்டால் அது வெறும் கான்கிரீட் ஆகிவிடும். மழைத்தோட்டத்தில் தண்ணீர் நுழையும் வாயில் சேறு முதலில் சேரும். அந்த ஒரு இடம் அடைந்தால் தண்ணீர் தோட்டத்தைத் தொடாமல் சாலையிலேயே ஓடும். செடிகள் வேர்பிடிக்கும் முதல் இரண்டு ஆண்டுகளில் களையெடுப்பும் நீரூற்றும் அதிகம் தேவை. பணமும் அந்த ஆண்டுகளில் கூடுதலாகத் தேவைப்படும். இருபது ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்துப் போடும் பட்ஜெட் இங்கேதான் தவறுகிறது.

மேரிலாந்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் மாவட்டம் 2015-ல் ஒரு தனியார் நிறுவனத்தோடு 30 ஆண்டு ஒப்பந்தம் செய்தபோது, வடிவமைப்பு, கட்டுமானம், நீண்ட காலப் பராமரிப்பு எல்லாவற்றையும் ஒரே கையில் கொடுத்தது. உள்ளூர்ச் சிறு ஒப்பந்ததாரர்களுக்கு வேலை தர வேண்டும் என்ற இலக்கையும் அதில் சேர்த்தது. கட்டியவரே பராமரிக்க வேண்டும் என்றால் மட்டமாகக் கட்ட மாட்டார். இந்தப் பணிகளில் தோட்ட வேலை செய்பவர்களுக்குப் பயிற்சியும் முறையான சம்பளமும் தேவை. தன்னார்வலர்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள் என்று திட்டத்தில் எழுதுவது பெரும்பாலும், யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதற்குச் சமம்.

விண்ணப்பத்தில் என்ன கணக்கு காட்ட வேண்டும்?

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். 1,000 சதுர மீட்டர் தார்த் தளத்தில் 30 மில்லிமீட்டர் பெய்தால் 30,000 லிட்டர். அதில் 90 சதவீதம் ஓடும் என்று கொண்டால் 27,000 லிட்டர். 100 சதுர மீட்டர் மழைத்தோட்டம் 150 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தேக்கினால் 15,000 லிட்டர். கீழே 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போட்ட கலவை மண்ணின் இடைவெளிகள் ஐந்தில் ஒரு பங்கு என்றால் இன்னும் 12,000. கணக்கு சரியாகிறது. மண்ணில் மணிக்கு 13 மில்லிமீட்டர் இறங்கினால், மேலே தேங்கியது அரை நாளில் வடிந்துவிடும். கொசு உற்பத்தியாக நேரமில்லை.

இந்த அரைப் பக்கக் கணக்கோடு மண் பரிசோதனை முடிவு, நில உரிமைக் கடிதம், பராமரிப்பு ஒப்புதல் ஆகியவற்றை இணையுங்கள். குழாய் போட்டால் என்ன செலவு, இதற்கு என்ன செலவு என்ற ஒப்பீட்டையும் முப்பது ஆண்டுக்குப் போட்டுக் காட்டுங்கள். நிழல், குளுமை, நிலத்தடி நீர் ஆகிய பலன்களைச் சொல்லுங்கள், ஆனால் எண்ணாக்க முடியாதவற்றுக்கு எண் புனையாதீர்கள்.

எங்களிடம் பெரிய நிதி இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

கூரைக் குழாயிலிருந்து. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரம் 1990-களில் தொடங்கி, வீடுகளின் கூரைநீர்க் குழாய்களைச் சாக்கடையிலிருந்து பிரித்துத் தோட்டத்துக்குத் திருப்பியது. 56,000-க்கு மேற்பட்ட குழாய்கள் அப்படித் திருப்பப்பட்டன. வெட்ட ஒரு ரம்பம், ஒரு வளைகுழாய், ஒரு மதிய வேலை. இதற்கு யாரிடமும் கடன் கேட்க வேண்டியதில்லை.

எந்த இடத்தில் இதற்குப் பணம் செலவழிக்கக் கூடாது?

பழைய தொழிற்சாலை நிலம், எரிபொருள் சிந்திய நிலம் போன்றவற்றில் நீரை இறக்கினால் நச்சு நிலத்தடிக்குப் போகும். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் இடத்திலும், சரியக்கூடிய சரிவிலும் வேண்டாம். கட்டிட அடித்தளத்திலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி அமையுங்கள். இந்த இடங்களில் நீரை மண்ணுக்குள் விடாமல் தேக்கி வடிக்கும் பசுமைக் கூரையோ, அடியில் நீர் புகாத விரிப்புப் போட்ட பாத்தியோ பொருந்தும். அதற்கான செலவு வேறு என்பதால் மதிப்பீட்டைத் தனியாகப் போடுங்கள்.